வின்ச்சுக்காரர் மகளுக்கு ஃபாரம் கிடையாது

போன மாதம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. என் மகள்தான் படித்துக் காட்டினாள். பொன்னேரி தாண்டி இருந்த கிளைடர் கிளப்பை மூடிவிட்டார்களாம். ஏன் மூடினார்கள் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பறப்பதில் ஆர்வமே இல்லையாம். எல்லாரும் செல்போனில் தலையைக் கவிழ்த்துக் கிடக்கிறார்களாம். இதைச் சொன்னவர் கிளப்பின் செயலாளர். படித்து முடித்ததும் மகள் சிரித்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்கு ரயில் பிடிக்கப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்வம் இல்லையாம்! பதினான்கு மாதம் அந்தக் கிளப் வாசலில் நின்ற ஒருத்தியைக் கண்ணால் பார்த்த மனிதருக்கு இப்படிச் சொல்ல வாய் எப்படி வந்தது? துறைமுகத் தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை என்னுடையது. சும்மா இருக்க முடியாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் துறைமுகத்தில் இருபத்தேழு வருஷம் வின்ச்சுக்காரனாக இருந்தவன். கப்பலின் மேல்தளத்தில் நின்று, அடியறையில் கிடக்கும் மூட்டையையும் இரும்பையும் வின்ச்சால் தூக்கிக் கரையில் வைப்பது என் வேலை. கன்டெய்னர் வந்த பிறகு எங்களுக்கு வேலை குறைந்துபோனது. அந்த நேரத்தில்தான் தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்புக்கு வின்ச் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், போகிறாயா என்று கேட்டார். கிளப்பில் எதைத் தூக்குவார்கள் என்று கேட்டேன். ஆளைத் தூக்குவார்கள் என்றார்.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. அதன் ஒரு முனையில் கிளைடர் நிற்கும். மறு முனையில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, நானும் என் வின்ச்சும். வின்ச் என்றால் ஒரு பழைய லாரி எஞ்சினும் பெரிய டிரம்மும்தான். கேபிளின் நுனியைக் கிளைடரின் வயிற்றில் மாட்டுவார்கள். நான் டிரம்மைச் சுற்றினால் கேபிள் ஓடிவரும், கிளைடர் காத்தாடி மாதிரி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் பைலட் கேபிளைக் கழற்றிவிட்டுத் தன் போக்கில் பறப்பார். ஏற்றம் மொத்தமும் வின்ச்சுக்காரன் வலது காலில் இருக்கிறது. ரொம்ப மிதித்தால் கேபிள் அறுந்துவிடும், குறைத்து மிதித்தால் கிளைடர் தரையைத் தேடும். எட்டு வருஷம் அந்த வேலை செய்தேன். ஒருவர் நகத்தில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

முதலில் என்னிடம் ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். "சார், ரெடி கீது, கொக்கி மாட்டிக்கலாம்" என்று நான் சொன்னால் அந்த முனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருவர் நான் பேசுவது மாதிரியே பேசிக் காட்டுவார். என் பேச்சு புரியவில்லை, அதனால் ஆபத்து என்று ஒருநாள் செயலாளர் அந்த வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஜீப்பின் முன்விளக்குதான். மெதுவாக மின்னினால் கேபிளை இறுக்கு. வேகமாக மின்னினால் முழுசாக இழு. அணையாமல் எரிந்தால் நிறுத்து. துறைமுகத்தில் ரஷ்யக்காரன், கிரேக்கன், பர்மாக்காரன் எல்லாருக்கும் புரிந்த என் பேச்சு, அடையாறிலிருந்து காரில் வருகிறவர்களுக்குப் புரியவில்லை.

என் மகள் அங்கே வந்தது தற்செயலாகத்தான். எனக்கு முதுகுப் பிடிப்பு வந்த வாரம் வின்ச்சுக்கு டீசல் கேன் தூக்க ஒத்தாசைக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிளைடரின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் இல்லை. கிளைடருக்கு ஒற்றைச் சக்கரம். அது நகர ஆரம்பிக்கும்போது யாராவது இறக்கை நுனியைச் சமமாகப் பிடித்துக்கொண்டு பத்து எட்டு ஓட வேண்டும். இவள் ஓடினாள். சாயங்காலம் ரயிலில் திருவொற்றியூர் வந்து இறங்கினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"நைனா, அத்த ஓட்ட இன்னா படிக்கணும்?"

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தாள். அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஷெட் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். காலையில் முதலில் வருகிறவர் பெயரை முதலில் எழுதலாம், எழுதிய வரிசையில்தான் பறக்க வேண்டும். பணக்காரன், பெரிய அதிகாரி என்று பார்க்காத ஒரே விஷயம் அந்தக் கிளப்பில் இதுதான் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நானும் மகளும் கும்மிடிப்பூண்டி போகும் முதல் ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து விடியும்போதே போய்ச் சேருவோம். அவள் பலகையில் தன் பெயரை முதலில் எழுதுவாள். ஒன்பது மணிக்குக் கார்கள் வரும். செயலாளர் துணியை எடுத்து அவள் பெயரைத் துடைத்துவிட்டுக் கடைசியில் எழுதுவார். "நீ மெம்பர் இல்லையேம்மா, எல்லாரும் முடிச்ச அப்புறம் பார்க்கலாம்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

கிளப்பின் பயிற்சியாளர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஆனால் செயலாளர் முன்னால் வாய் திறக்க மாட்டார். மெம்பர்கள் பறந்து முடித்து, பிரியாணி சாப்பிட்டு, கார்களைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு அவளை முன்சீட்டில் உட்கார வைத்துப் பின்சீட்டில் அவர் உட்காருவார். கடைசி ஏற்றம் எப்போதும் அவளுக்கு. அப்படித் திருட்டுத்தனமாக ஐம்பத்து மூன்று முறை ஏறினாள். மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், மாணவர் உரிமமும் வாங்கினாள். இனிமேல் இவள் தனியாகப் போகலாம் என்று பயிற்சியாளர் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். பின்சீட்டில் ஆள் இல்லாமல் தானே ஏற்றி, தானே இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒருவர் பைலட். அவள் கேட்டது அந்த ஒரு தடவை தனியாகப் பறப்பதைத்தான்.

செயலாளர் விதிப் புத்தகத்தை எடுத்தார். தனியாகப் பறக்க மெம்பராக இருக்க வேண்டும். மெம்பராக ஃபாரம் வேண்டும். ஃபாரத்தில் இரண்டு மெம்பர்கள் கையெழுத்துப் போட வேண்டும். "ஸ்டாஃப் ஃபேமிலிக்கு ஃபாரம் கொடுக்கிற பழக்கம் இல்ல" என்றார். எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று மகள் கேட்டாள். எழுதவில்லை, பழக்கம் என்றார். காற்று சரியில்லை, இன்சூரன்ஸ் வரவில்லை, அடுத்த கமிட்டியில் பேசலாம் என்று மாதங்கள் ஓடின.

அவள் எப்படிப்பட்ட பைலட் என்று நான் சொன்னால் அப்பன் பெருமை என்பீர்கள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கிளைடர் மேலேயே நிற்க வேண்டுமானால் தரையிலிருந்து எழும்பும் சூடான காற்று எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காற்று அது. கொடுங்கையூரில் குப்பைமேட்டுக்கு எதிரே என் தங்கை வீடு. சின்ன வயதில் பள்ளிக்கூட லீவெல்லாம் மகள் அந்த மொட்டை மாடியில்தான் இருந்தாள். குப்பைமேட்டுக்கு மேலே பருந்துகள் இறக்கையை அடிக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, எந்த நேரத்தில் எங்கே ஏறும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய இடத்தில் இவள் அண்ணாந்து நின்றிருக்கிறாள். ஒரு ஞாயிறு மெம்பர்கள் எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஏற இருந்தவரிடம் இவள் செங்கல் சூளைப் பக்கம் கையைக் காட்டினாள். "சார், அங்க மூணு பருந்து சுத்திகினு கீது. அதுங்க கீழ போய் சுத்துங்க." அவர் போனார், ஒரு மணி நேரம் மேலேயே நின்றார். அந்த வருஷத்துக் கோப்பை அவருக்குக் கிடைத்தது. நன்றி சொல்லிப் பேசியவர் தன் மனைவிக்கு நன்றி சொன்னார், கிளைடர் செய்த கம்பெனிக்கு நன்றி சொன்னார். பருந்துக்குக்கூடச் சொல்லவில்லை.

மெம்பர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குக் கண்ணில் ஆபரேஷன், ஒருவர் மகனோடு அமெரிக்கா போய்விட்டார். பதினோரு பேர் மிச்சம், எல்லாருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேல். இளைஞர்களை எப்படி ஈர்ப்பது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். தகர ஷெட்டில் நாற்காலி போட்டு, விளம்பரத் தொழில் செய்யும் ஒருவரை வரவழைத்து, திரையில் படம் காட்டினார்கள். ஒருவர் செல்போன் ஆப் செய்யலாம் என்றார். ஒருவர் டீ ஷர்ட் அடிக்கலாம் என்றார். "நம்ம ஊர்ல யூத் எங்க சார் இருக்காங்க?" என்று ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்போது அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவள் என் மகள். சர்க்கரை கம்மியா என்று அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஷெட்டில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்த ஒரே ஆள் கையில் டீத்தட்டு.

அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். "சார், எனக்கு ஒரு ஃபாரம் குடுங்க. ஒண்ணு ஏறிடும்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் கேட்ட சிரிப்பு. "ஸ்மார்ட் கேர்ள்" என்றார் விளம்பரக்காரர். கூட்டம் தொடர்ந்தது.

அடுத்த மாதம் பளபளவென்று ஒரு நோட்டீஸ் அச்சடித்து வந்தது. இளைஞர்களே, வானம் அழைக்கிறது என்று எழுதி, கீழே பெரிய படம். இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு தலைமுடி பறக்க ஓடுகிற பெண். என் மகள்தான். அவளைக் கேட்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அடையாறுப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஒரு ஞாயிறு ஏசி பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் வந்து கிளைடரில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பாவம், அவர்கள்மேல் குறை இல்லை. அவ்வளவு தூரம் வாராவாரம் யார் வருவார்கள்? அதே ஞாயிறு, வேலிக்கு வெளியே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் வரக்கூடிய பிள்ளைகள். விருந்தாளிகள் வந்த நேரத்தில் கலீஜாக இருக்கிறது என்று செக்யூரிட்டியை விட்டுத் துரத்தினார்கள். அதற்கடுத்த வாரம் வேலியை இரண்டடி உயர்த்தினார்கள். சத்தியமாக நடந்தது இது.

மார்ச் கடைசியோடு மூடுவது என்று முடிவானது. கிளைடரை வேறு ஊருக்கு விற்றாயிற்று. கடைசி ஞாயிறும் நாங்கள் முதல் ரயிலில்தான் போனோம். மகள் பலகையில் முதலில் தன் பெயரை எழுதினாள். ஒன்பதரைக்கு அது துடைக்கப்பட்டது. அன்று கூட்டம் அதிகம். பழைய மெம்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கிளப்பின் கடைசிப் பறத்தல் செயலாளருடையது என்று போட்டோகிராபரைக்கூட வைத்திருந்தார்கள். மூன்றரை மணி இருக்கும். பலகையில் இன்னும் செயலாளர் பெயர் மட்டும்தான் பாக்கி என்று மகள் எனக்குப் போனில் சொன்னாள். அவள் பெயர் கடைசியிலும் இல்லை.

நான் எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுதளத்தில் நடக்க ஆரம்பித்தேன். வெயிலில் ஒரு கிலோமீட்டர். ஜீப் விளக்கு மெதுவாக மின்னியது, வேகமாக மின்னியது, பிறகு அணையாமல் எரிந்தது. நான் நிற்கவில்லை.

"என்னாச்சு, வின்ச் ரிப்பேரா?" என்று ஓடி வந்தார் செயலாளர்.

"வின்ச்சு நல்லா கீது சார். ஆளு தான் ரிப்பேரு."

"விளையாடாதீங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும்."

"காலைல பலகையில மொத பேரு என் பொண்ணு பேரு. இப்ப அது எங்க கீதுன்னு சொல்லுங்க. நான் திரும்பிப் போறேன்."

"இது பிளாக்மெயில்."

"இல்ல சார், ஸ்ட்ரைக்கு. எங்க ஏரியால சின்ன புள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்."

குடும்பங்கள் எல்லாம் எங்களைப் பார்த்தன. போட்டோகிராபர் வேறு கேமராவைத் தூக்கினார். செயலாளர் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சமாதானம் பேசினார். பயிற்சியாளரோடு பின்சீட்டில் ஒரு ரவுண்டு அனுப்பி வைக்கிறேன், சந்தோஷமா என்றார். நான் பதில் சொல்வதற்குள் மகள் வந்துவிட்டாள்.

"பின்னாடி சீட்டு வேணாம் சார். ஃபாரம் குடுங்க."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் வாய் திறந்தார். "முதல் கையெழுத்து நான் போடறேன்" என்றார். இரண்டாவது கையெழுத்தைச் செயலாளர் தன் கார் பானெட்மேல் ஃபாரத்தை வைத்துப் போட்டார். மையும் காய்ந்திருக்காது. அந்தக் கிளப்பில் கடைசியாகச் சேர்ந்த மெம்பர் என் மகள். சேரும்போது மணி நாலேகால், கிளப் மூடியது ஆறு மணிக்கு. இளைஞர்களை ஈர்க்க அவர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைத்த பலன் இதுதான்.

நேரமாகிறது என்று செயலாளரே என்னைக் காரில் ஏற்றி வின்ச்சில் கொண்டுவிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பு எனக்கு.

எஞ்சினைப் போட்டேன். தூரத்தில் கிளைடர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பின்சீட்டு வார்களை இறுக்கிக் கட்டிவிட்டுப் பயிற்சியாளர் விலகி நடப்பது தெரிந்தது. ஒரு ஆள் எடை குறைவு. வழக்கம்போல் மிதித்தால் செங்குத்தாகத் தூக்கிவிடும், கொஞ்சம் குறைத்து மிதிக்க வேண்டும். எவ்வளவு குறைத்து? எத்தனையோ பேரைத் தனியாக அனுப்பியவன் நான். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. விளக்கு மெதுவாக மின்னியது. கேபிளை இறுக்க வேண்டும். என் கை கியரில் இருந்தது, அசையவில்லை. கேபிளில் முறுக்கு விழுந்திருக்குமோ என்று நினைத்தேன். காற்று திரும்புகிறதோ என்று பார்த்தேன். வெயில் நேராக அவள் கண்ணில் விழுமே என்று தோன்றியது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. நிறுத்து என்று சொல்ல என்னிடம் விளக்கு இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

போன் அடித்தது.

"நைனா, லைட்டு அடிச்சிகினே கீறாங்க. தெரியலயா?"

"தெரியுதுமா."

"அப்ப இன்னா?"

"கொஞ்சம் இரு பாப்பா. கேபிளு ஒரு தபா பாத்துடறேன்."

"காலைலேர்ந்து அதே கேபிளு தான்." பிறகு சொன்னாள். "அவங்க நிறுத்தி வெச்சப்ப வூட்டுக்கு வந்து உங்கிட்ட சொல்லி அழுதேன். நீ நிறுத்துனா யார்கிட்ட போய் சொல்லுவேன்?"

கியரைப் போட்டேன். கேபிள் மெல்ல இறுகியது, விளக்கு வேகமாக மின்னியது, மிதித்தேன். கிளைடர் தரையை விட்டது. மூக்கைத் தூக்கி, நேராக, ஒரு ஆட்டம் இல்லாமல் ஏறியது. உச்சியில் கேபிளைக் கழற்றினாள். ஆறு நிமிஷம் தனியாகச் சுற்றிவிட்டுப் பூப்போல இறக்கினாள். அதன் பிறகு செயலாளர் பறந்தார், அவருக்கு மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள்.

பதினான்கு மாதம் அவளை நிறுத்தி வைத்தவர்கள்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கேபிளை மாட்டிக்கொண்டு, தயாராக உட்கார்ந்திருந்தபோது அவளை நிறுத்தி வைத்தவன் நான். ஒன்றரை நிமிஷம் இருக்கும். அதைப் பற்றி அந்தப் போனுக்குப் பிறகு அவள் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.